மறதி நோய் உள்ளவருக்கு எந்த லைட்? ஒளிப்பெட்டி, 2×2 பனல், சென்சர் லைட்: ஒரு மதிப்பீடு

இரவில் நாலைந்து தரம் எழும்பி நடப்பதும் பகலில் கதிரையில் இருந்தபடியே தூங்கி விழுவதும் டிமென்சியா எனும் மறதி நோய் உள்ளவர் இருக்கும் வீடுகளில் எல்லாருக்கும் தெரிந்த சங்கதி. அறளை பெயர்ந்திட்டுது, இனி என்ன செய்யிறது என்று விட்டுவிடுகிற வீடுகள் உண்டு. தூக்கக் குளிசை கேட்டு மருந்துக்கடைக்குப் போகிற வீடுகளும் உண்டு. இப்போது மூன்றாவதாக ஒன்று வந்திருக்கிறது: 'தெரபி லைட்' என்று இணையத்தில் விற்கும், முகத்துக்கு முன்னால் வைக்கும் ஒளிப்பெட்டி. வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் அம்மா அப்பாவுக்கென்று இதை வாங்கிப் பார்சலில் போட்டுவிடுவதும் நடக்கிறது.

இங்கே அந்தப் பெட்டியையும், மட்டக்களப்பு நகரத்திலோ கல்முனையிலோ மின்சாதனக் கடையில் கிடைக்கும் சாதாரண 2×2 அடி எல்ஈடி பனலையும், இரவுக்கான சென்சர் லைட்டையும், நிறம் மாறும் ஸ்மார்ட் பல்ப்பையும் எடை போடுகிறோம். முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். பணம் கொடுத்து வாங்குவதில் முதலிடம் கட்டிலுக்குக் கீழே வைக்கும் செம்மஞ்சள் சென்சர் லைட்டுக்கு. இரண்டாமிடம் சுவரில் நிமிர்த்திப் பூட்டிய பனலுக்கு. ஒளிப்பெட்டி பெரும்பாலான வீடுகளுக்குத் தேவையில்லை. இவை எல்லாவற்றுக்கும் முன்னால், காசில்லாமல் கிடைக்கும் விறாந்தைக் கதிரை.

வெளிச்சத்துக்கும் தூக்கத்துக்கும் என்ன தொடுப்பு

மூளையின் அடிப்பகுதியில், ஹைப்போதலமஸ் என்ற இடத்தில், கண் நரம்புகள் குறுக்கிடும் இடத்துக்குச் சற்று மேலே, உடலின் கடிகாரம் இருக்கிறது. அதற்கு நேரம் சொல்வது கண்ணுக்குள் வரும் வெளிச்சம். விழித்திரையில் மெலனொப்சின் என்ற நிறமியைக் கொண்ட சில கலங்கள் பொருள்களைப் பார்ப்பதற்காக அன்றி, இப்போது பகலா இரவா என்று அந்தக் கடிகாரத்துக்குச் சொல்வதற்காகவே வேலை செய்கின்றன. ஏறக்குறைய 480 நனோமீற்றர் அலைநீளமுள்ள நீல வெளிச்சம்தான் அவற்றைக் கூடுதலாகத் தூண்டும்.

மறதி நோயின் முக்கிய வகையான அல்சைமர் நோயில் இரண்டு பக்கமும் அடி விழுகிறது. கடிகாரத்தில் உள்ள நரம்புக் கலங்களும் குறைகின்றன, விழித்திரையின் அந்தக் கலங்களும் குறைகின்றன. அதற்கு மேலே வயதானால் கண்வில்லை மஞ்சள் பற்றி நீலத்தை மறிக்கும். கண்புரை விழுந்திருந்தால் இன்னும் மோசம். ஆக, நமக்குப் போதும் என்று தெரிகிற வெளிச்சம் எண்பது வயதுக் கண்ணுக்குள் பாதியளவில்கூடப் போய்ச் சேராமல் இருக்கலாம். அவர் நாள் முழுக்க வீட்டின் நடு அறையில் இருந்தால் அவருடைய கடிகாரத்துக்குப் பகல் என்ற ஒன்று வருவதே இல்லை. இரவில் ரியூப் லைட்டைப் போட்டுவிட்டால் இரவும் வருவதில்லை.

ஆராய்ச்சி என்ன சொல்கிறது என்பதைக் கூட்டாமல் குறைக்காமல் பார்க்கவேண்டும். நெதர்லாந்தில் 12 பராமரிப்பு இல்லங்களில் 189 முதியவர்களை வைத்துச் செய்த ஆய்வு 2008 இல் வெளியானது. பகல் முழுவதும் கூரையில் இருந்து ஏறக்குறைய 1000 லக்ஸ் (லக்ஸ் என்பது ஓர் இடத்தில் வந்து விழும் வெளிச்சத்தின் அளவு) வெளிச்சம் கிடைத்தவர்களில் அறிவாற்றல் இறங்கும் வேகம் சிறிதளவு, 5 வீதம், குறைந்தது. மனச்சோர்வு அறிகுறிகள் 19 வீதம் குறைந்தன. கூடவே மெலடோனின் என்ற தூக்க ஹோர்மோனைக் கொடுத்துப் பார்த்ததில் தூக்கம் 27 நிமிடம் கூடியது. ஆனால் வெளிச்சம் இல்லாமல் மெலடோனின் மட்டும் எடுத்தவர்கள் ஒதுங்கிப் போகத் தொடங்கினார்கள். இரண்டும் சேர்ந்தபோதுதான் இரவு அலைச்சல் குறைந்தது. 2019 இல் அமெரிக்காவில் 46 பேரோடு வந்த ஆய்வும் நாலு வாரப் பகல் வெளிச்சத்தில் தூக்கத் தரம் கூடியதாகச் சொல்கிறது. மறுபக்கம், மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி எடைபோடும் கொக்ரேன் அமைப்பின் 2014 மீளாய்வு அதுவரை கிடைத்த ஆய்வுகளை வைத்து வெளிச்ச சிகிச்சையைப் பரிந்துரைக்கச் சான்று போதாது என்று முடித்தது. எனவே இது நோயை மாற்றும் மருந்தல்ல. குளிசையின் பக்கவிளைவு இல்லாமல் செய்து பார்க்கக்கூடிய, சிலருக்குப் பலன் தரும் ஒரு வழி. இதை மறைத்து 'ஞாபகம் திரும்பும்' என்று விளம்பரம் போட்டு விற்கிறவரிடம் வாங்காதீர்கள்.

எவ்வளவு வேண்டும் என்பதற்கு ஓர் அளவு இருக்கிறது. 2022 இல் இத்துறை விஞ்ஞானிகள் கூடி ஆரோக்கியமான பெரியவர்களுக்கென்று சொன்னது: பகலில் கண் மட்டத்தில் குறைந்தது 250, படுக்கைக்கு முந்திய மூன்று மணித்தியாலத்தில் 10க்கு மேற்படாமல், தூங்கும் இடத்தில் 1க்கு மேற்படாமல். இது மெலனோபிக் லக்ஸ் கணக்கு, அதாவது மேலே சொன்ன மெலனொப்சின் கலங்களை எவ்வளவு தூண்டும் என்று பார்க்கும் அளவு. கெல்வின் என்பது லைட்டின் நிறத்தைச் சொல்லும் எண்: கூடினால் வெள்ளை, குறைந்தால் மஞ்சள். பெட்டியில் 6500 கெல்வின் என்று போட்ட வெள்ளை லைட்டில் சாதாரண லக்ஸின் பத்தில் ஒன்பது பங்கு அளவுக்கு இது வரும். 2700 கெல்வின் மஞ்சள் லைட்டில் பாதிக்கும் குறைவாகவே வரும். முதியவரின் கண்வில்லையையும் கணக்கில் எடுத்தால் பகலில் 500 முதல் 1000 லக்ஸ் வரை இலக்கு வைப்பது நல்லது.

முதலில் விறாந்தை

மட்டக்களப்பும் அம்பாறையும் இருக்கும் அகலாங்கில் வருடம் முழுவதும் பகல் ஏறக்குறைய பன்னிரண்டு மணித்தியாலம். ஐரோப்பாவின் குளிர்கால இருட்டுக்காகச் செய்த பெட்டியை விட இங்கே முற்றத்து வெளிச்சம் பல மடங்கு. வெயிலில் ஒரு லட்சம் லக்ஸ் வரை போகும். மர நிழலிலும் ஆயிரக்கணக்கில் இருக்கும். வாடைக்காலத்து மூட்டமான காலையிலும் வெளியில் ஆயிரக்கணக்கில்தான். ஆனால் விறாந்தையில் தகரம் இறக்கிப் போட்டு, கிறில் வைத்து, சீலையும் தொங்கவிட்டால் அதில் பெரும்பகுதி போய்விடும். வீட்டுக்குள் நடு ஹோலில் 50 முதல் 100 லக்ஸ் கிடைத்தாலே பெரிது.

காலை 6.30 இல் இருந்து 8.30 வரை, அதாவது வெயில் சுடுவதற்கு முன், முன் விறாந்தையிலோ மா மரத்தடியிலோ கதிரையைப் போடுங்கள். கதிரை எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதுதான் இங்கே முக்கியம். வெளிச்சத்துக்கு முதுகு காட்டி இருந்தால் கண்ணுக்குக் கிடைப்பது அறையின் இருட்டுத்தான். நேரே கிழக்குப் பார்த்து இருந்தால் கடல் பக்கத்துச் சூரியன் கண்ணில் குத்தும், அவர் கண்ணை மூடிக்கொள்வார், பலன் இல்லை. வடக்கு அல்லது தெற்குப் பார்த்துப் போடுவதே சரி. கறுப்புக் கண்ணாடி அந்த நேரத்தில் வேண்டாம், கண் டொக்டர் சொல்லியிருந்தால் தவிர. காலைத் தேத்தண்ணி, பேப்பர், பூக் கட்டுதல், கீரை ஆய்தல், இவற்றில் ஏதாவது ஒன்றை அந்தக் கதிரைக்கே கொண்டுபோனால் அவர் எழும்பாமல் இருப்பார். சும்மா இருக்கச் சொன்னால் ஐந்து நிமிடம்தான்.

கச்சான் என்கிற சூடான வறண்ட காற்று வீசும் மாதங்களில் ஒன்பது மணிக்குப் பிறகு வெளியில் வைத்திருக்கக் கூடாது. தாகம் எடுப்பதை அவர்கள் சொல்லமாட்டார்கள், உடல் வறண்டால் குழப்பம் இன்னும் கூடும். ஒரு கிளாஸ் தண்ணியோடு வெளியே, ஒரு கிளாஸ் தண்ணியோடு உள்ளே என்று வைத்துக்கொள்ளுங்கள்.

விறாந்தை இருக்கிற, அவர் நடக்கிற, வீட்டில் ஆள் நிற்கிற இடத்தில் பகலுக்கு வேறெதுவும் வாங்கத் தேவையில்லை. அடுத்து வருவது படுக்கையில் இருப்பவருக்கும், வெளியே போக மறுப்பவருக்கும், கார்த்திகை மார்கழி மழையில் வாரக்கணக்காக உள்ளே அடைபட்டவருக்கும்.

ஒளிப்பெட்டி: எண் பெரிது, தூரம் சின்னது

பெட்டியில் '10,000 லக்ஸ்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கும். எந்தத் தூரத்தில் என்பது கையேட்டின் உள்பக்கத்தில் சின்ன எழுத்தில் இருக்கும். 20×30 சதம மீற்றர் முகமுள்ள ஒரு பெட்டி 20 சதம மீற்றரில் 10,000 தருகிறது என்று வைத்துக் கணக்குப் போட்டால், 60 சதம மீற்றரில் 1500 அளவுக்கு இறங்கிவிடும், ஒரு மீற்றரில் 600க்கும் கீழே. டெப்லட் அளவில் வரும் சின்னது இன்னும் மோசம்: 12 சதம மீற்றரில் 10,000 தருவது 60 இல் 600, ஒரு மீற்றரில் 200.

இருபது சதம மீற்றர் என்பது ஒரு சாண். மனச்சோர்வுக்காக இதைப் பாவிக்கும் நாற்பது வயதுக்காரர் மேசையில் வைத்து அரை மணித்தியாலம் அப்படி இருந்துவிடுவார். மறதி நோய் உள்ள அம்மம்மா இருப்பாரா? ஒரு சாண் தூரத்தில் கூசுகிற பலகையைக் கண்டால் தள்ளிவிடுவார், அல்லது தலையைத் திருப்பிக்கொள்வார். பெட்டியின் குறை அதன் தரத்தில் இல்லை. அசையாமல் இருக்கத் தெரிந்தவருக்காகச் செய்த பொருள் அது.

நல்ல பக்கமும் உண்டு. தரமானவற்றில் புற ஊதாக் கதிர் வடிகட்டி இருக்கும், மினுக்கம் இருக்காது, கையில் தூக்கிக்கொண்டு போகலாம். ஏற்கனவே பார்சலில் வந்து கிடந்தால் எறியவேண்டாம். சாப்பாட்டு மேசையில் 50 முதல் 60 சதம மீற்றரில், நேரே முகத்துக்கு இல்லாமல் ஒரு பக்கமாகச் சரித்து, காலைச் சாப்பாட்டு நேரம் முழுக்க எரியவிடுங்கள். 110 வோல்ட் நாட்டில் வாங்கியதென்றால் அடப்டரின் பின்பக்கத்தில் 100–240 வோல்ட் என்று இருக்கிறதா எனப் பார்த்துவிட்டுச் செருகுங்கள்.

2×2 பனல்: இதுதான் வேலைக்காரன்

அலுவலகக் கூரைகளில் சதுரமாக எரிகிறதே, அதே 600×600 மில்லிமீற்றர் பனல். 40 வாட், 4000 லூமன் அளவு (லைட் மொத்தமாக வெளிவிடும் வெளிச்சம்), 6500 கெல்வின். இதைக் கூரையில் பூட்டினால் வீணாகிவிடும். கணக்கைப் பாருங்கள். இருப்பவரின் கண் நிலத்தில் இருந்து 1.2 மீற்றர் உயரம். பனல் கண்ணுக்கு 1.5 மீற்றர் மேலே, 1.5 மீற்றர் முன்னே இருந்தால் கண்ணுக்கு வருவது 140 லக்ஸ்தான். அதே பனலைச் சுவரில் நிமிர்த்தி, கண்ணுக்கு நேரே ஒரு மீற்றர் தூரத்தில் வைத்தால் 1100 லக்ஸ். எழுபது சதம மீற்றரில் 2000. காசும் ஒன்று, கரண்டும் ஒன்று, எட்டு மடங்கு வித்தியாசம். அதோடு, பரப்புப் பெரிதாக இருப்பதால் மேற்சொன்ன ஒளிப்பெட்டியை விடக் கண்ணில் குத்துவது மூன்றில் ஒரு பங்குதான். ஆகவேதான் முதியவர் இதைச் சகித்துக்கொள்வார்.

பூட்டும் விதம்: பனலோடு மேற்பரப்புச் சட்டகம் ஒன்றையும் கேட்டு வாங்குங்கள். பனலின் கீழ் விளிம்பு நிலத்தில் இருந்து 90 சதம மீற்றரில் வந்தால் நடுப்பகுதி கண் மட்டத்துக்கு வரும். நேரே முன்னால் வைக்காமல், ரீவிக்குப் பக்கத்திலோ சாப்பாட்டு மேசைக்கு எதிர்ச் சுவரிலோ, பார்வைக் கோட்டில் இருந்து 30 பாகை அளவு ஒதுக்கி வைப்பது உத்தமம். வெளிச்சம் கொஞ்சம் குறையும், ஆனால் அவர் பல மாதம் அங்கே இருப்பார். படுக்கையில் கிடப்பவருக்குக் கட்டிலின் கால்மாட்டுச் சுவரில், படுக்கையை நிமிர்த்தும்போது முகம் பார்க்கும் உயரத்தில் பூட்டவேண்டும். பனலுக்குக் கரண்ட் கொடுக்கும், டிரைவர் என்கிற சின்னப் பெட்டி பனலுக்கு வெளியே தொங்கும். அது சூடாகும், கை படாத இடத்தில் காற்றுப் படும்படி வைக்கவேண்டும். எர்த் வயரோடு மூன்று பின் பிளக் போட்டு, எலெக்ட்ரீஷியனைக் கொண்டே செய்வியுங்கள். சீலிங் ஃபானுக்கு மேலே எந்த லைட்டும் வேண்டாம். இறக்கை வெளிச்சத்தை வெட்டி வெட்டிச் சுவரில் நிழல் ஓடவிடும், அதைக் கண்டு பயப்படுகிறவர்கள் இருக்கிறார்கள்.

காலை 7 முதல் 11 வரை எரியவிட்டால் நாளுக்கு 0.16 யூனிற், மாதம் ஐந்து யூனிற்றுக்கும் குறைவு. நாலு வாரம் ஒழுங்காகச் செய்யாமல் பலன் இருக்கா இல்லையா என்று தீர்மானிக்காதீர்கள். கலண்டரில் ஒவ்வொரு நாளும் படுத்த நேரம், எழும்பிய தடவை, பகல் தூக்கம் மூன்றையும் குறித்தால் போதும். தொடங்குவதற்கு முந்திய வாரத்தையும் குறிக்கவேண்டும், இல்லாவிட்டால் எதோடு ஒப்பிடுவது?

எங்கே பிழைக்கிறது என்றால் ரைமரில். சுவிச்சை மறந்துவிடுவோம் என்று 24 மணித்தியால மெக்கனிக்கல் ரைமர் பிளக்கைப் போடுகிறார்கள். கரண்ட் நிற்கும்போது அந்த ரைமரும் நிற்கும். இரண்டு மணித்தியால மின்வெட்டு மூன்று தரம் வந்தால் ரைமர் ஆறு மணித்தியாலம் பிந்தி ஓடும். காலை 7க்கு எரியவேண்டிய பனல் பகல் ஒரு மணிக்கு எரியத் தொடங்கும், இன்னும் பிந்தினால் இரவிலும் எரியும். அப்போது தூக்கம் முன்பை விடக் கெட்டுப்போகும், பழி பனலில் விழும். உள்ளே பற்றரி உள்ள டிஜிட்டல் ரைமர் வாங்குங்கள், அல்லது காலைத் தேத்தண்ணி போடுகிறவரே சுவிச் போடட்டும்.

இன்னொரு பிழை நேரத்தில். காலை வெளிச்சம் உடல் கடிகாரத்தை முன்னுக்குத் தள்ளும். நள்ளிரவு தாண்டியும் தூங்காதவருக்கு அது மருந்து. ஆனால் பின்னேரம் ஏழு மணிக்கே படுத்து இரவு இரண்டு மணிக்குக் கண் விழித்து நடக்கிறவருக்குக் காலையில் கொடுத்தால் இன்னும் முந்தி எழும்புவார். அவருக்குப் பின்னேரம் 4 முதல் 6 வரை கொடுக்கவேண்டும். கலண்டர்க் குறிப்பு இல்லாமல் இவர் எந்த ரகம் என்று சொல்லமுடியாது.

உப்புக்காற்றையும் சொல்லவேண்டும். கல்லடி, காத்தான்குடி, மருதமுனை, திருக்கோவில் என்று கடலோரத்தில் மலிவான டிரைவர்களின் இணைப்புகள் கறள் பிடிக்கும். முதலில் மினுக்கம் தொடங்கும், பிறகு அணைந்து எரியும். பனல் நல்லபடி இருக்கும், டிரைவரை மட்டும் மாற்றினால் போதும். வாட்டும் மில்லிஅம்பியரும் பழையதோடு ஒத்துப்போகவேண்டும்.

மம்மல் பொழுதில் வெளிச்சத்தைக் கூட்டுவதா குறைப்பதா

பொழுது படுகிற நேரத்தில் குழப்பம் கூடும். "நான் வீட்ட போகப்போறன்" என்று, சொந்த வீட்டில் இருந்துகொண்டே சேலையைச் சரிசெய்து வெளிக்கிடுகிற நேரம் அது. நிழல் நீள்கிறது, மூலைகள் இருள்கின்றன, கதவுச் சீலை ஆளாகத் தெரிகிறது. இருட்டிய பிறகு கண்ணாடி யன்னலில் அவருடைய உருவமே அந்நியர் ஒருவராகத் தெரியும். உடல் கடிகாரத்துக்காக வெளிச்சத்தைக் குறைக்கவேண்டும், கண்ணுக்காகக் கூட்டவேண்டும். இரண்டையும் செய்ய வழி, நிறத்தை மாற்றுவது. இருட்டும் முன்பே, ஐந்தரை மணிக்கே, 2700 அல்லது 3000 கெல்வின் மஞ்சள் பல்ப் இரண்டு மூன்றை அறையின் வெவ்வேறு மூலைகளில் போடுங்கள். ஒரே ஒரு பல்ப் நிழலைக் கடுமையாக்கும், இரண்டு மூன்று சேர்ந்தால் நிழல் கலைந்துவிடும். யன்னல் சீலையை மூடுங்கள். "சரியம்மா, போவம், முதல்ல கொத்தமல்லித் தண்ணி குடிச்சிட்டுப் போவம்" என்று கதிரைக்குக் கூட்டிவாருங்கள். மூன்று மணிக்குப் பிறகு தேத்தண்ணியும் கோப்பியும் வேண்டாம். ஏழு மணிக்குப் பிறகு ஒவ்வொன்றாக அணைத்துக்கொண்டு வந்தால், ஒன்பது மணிக்கு வீடு இருளும்போது அவருக்கு அது திடீர் இருட்டாக இருக்காது.

நம் கடைகளில் கேட்காவிட்டால் 6500 கெல்வின்தான் எடுத்துத் தருவார்கள். 'வார்ம் வைட்' என்று கேளுங்கள், பெட்டியில் எண்ணைப் பாருங்கள். ரியூப் லைட்டுக்கும் மஞ்சள் நிறக் குழாய் இருக்கிறது.

ஸ்மார்ட் பல்ப்பைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. பகலில் வெள்ளை, பின்னேரம் மஞ்சள் என்று தானாக மாறும், நல்ல எண்ணந்தான். ஆனால் கூரையில் பூட்டிய 9 வாட் பல்ப் கண்ணுக்கு இருபது முப்பது லக்ஸ்தான் தரும், பகல் வேலைக்கு அது காணாது. இன்னொரு ஆபத்து மின்வெட்டு. இவற்றில் பலவும் கரண்ட் திரும்பி வந்தவுடன் முழு வெள்ளையில் எரியும்படி அமைந்து வருகின்றன. இரவு இரண்டு மணிக்குக் கரண்ட் வந்தால் அறை பளிச்சென்று வெளுத்துவிடும். செயலியில் கரண்ட் வந்ததும் 'அணைந்தே இருக்க' என்ற தெரிவு இல்லாத பல்ப்பைப் படுக்கையறைக்கு வாங்காதீர்கள்.

கட்டிலுக்குக் கீழே ஒரு சென்சர் லைட்

இதுதான் கொடுத்த காசுக்கு முழுப் பெறுமதி. இரவில் சலம் கழிக்க எழும்புபவர் இருட்டில் நடந்தால் விழுவார், இடுப்பெலும்பு முறியும். பெரிய லைட்டைப் போட்டால் முழித்துவிடுவார், பிறகு படுக்கவே மாட்டார். அசைவைக் கண்டு எரியும் செம்மஞ்சள் லைட் இரண்டையும் தவிர்க்கும். வாங்கும்போது பார்க்கவேண்டியவை: நிறம் செம்மஞ்சள் அல்லது 2700 கெல்வினுக்குக் கீழ். வெள்ளை வேண்டாம், கடையில் கூடுதலாக இருப்பது வெள்ளைதான். தனிச் சிவப்பும் வேண்டாம். கடிகாரத்துக்கு அது நல்லது, ஆனால் சிவப்பில் அறை விகாரமாகத் தெரியும், பயப்படுவார்கள். பற்றரி சார்ஜ் ஏறும் ரகம் என்றால் மின்வெட்டிலும் எரியும். எரிந்து அணையும் நேரத்தை மாற்றக்கூடியதாக இருந்தால் ஒன்றரை நிமிடத்துக்கு வையுங்கள். இருபது விநாடியில் அணைவது அவரை நடுவழியில் இருட்டில் விட்டுவிடும்.

வைக்கும் இடம்: கட்டில் சட்டத்தின் உள்பக்கம், நிலத்தில் இருந்து 20 சதம மீற்றர் உயரத்தில், நிலத்தைப் பார்த்தபடி. அவர் படுக்கையில் புரண்டால் எரியக்கூடாது, கால் நிலத்தில் பட்டால் மட்டும் எரியவேண்டும். நுளம்பு வலை போடும் வீட்டில் வலைக்குள் வைத்தால் வலையின் நிழல் கூரையில் விழுந்து ஆடும், வலை அசைய அசைய எரிந்துகொண்டும் இருக்கும். வலைக்கு வெளியே, கட்டிலுக்குக் கீழே, அவ்வளவுதான். இரண்டாவது ஒன்றைக் கழிப்பறை வாசலில் முழங்கால் உயரத்தில் வையுங்கள். இத்தனையும் செய்துவிட்டுக் கழிப்பறைக்குள் வெள்ளை பல்ப்பை விட்டால் பயனில்லை, அதையும் 3 வாட் மஞ்சளாக்குங்கள். பளபளப்பான மாபிள் நிலத்தில் வெளிச்சம் பட்டால் தண்ணி கிடப்பது போலத் தெரியும், கால் வைக்க மறுப்பார். சாய்வை மாற்றிப் பாருங்கள்.

சென்சர் பிந்துகிறது, பிடிக்கவில்லை என்ற குறை வெக்கை நாட்களில் வரும். இந்தச் சென்சர் பார்ப்பது உடம்பின் சூட்டுக்கும் சுற்றுப்புறச் சூட்டுக்கும் உள்ள வித்தியாசத்தை. கச்சான் காலத்தில் மூடிய அறை உடல் சூட்டை நெருங்கினால் அதற்குக் கால் தெரிவது குறையும். லைட் பழுதாகவில்லை, யன்னலைத் திறந்து அறையைக் குளிரவிட்டால் சரிவரும். காரணமில்லாமல் எரிந்தால் சென்சர் கண்ணாடியில் பல்லி இருக்கிறதா, ஃபான் காற்றில் சீலை ஆடுகிறதா என்று பாருங்கள்.

சுபஹ் தொழுகைக்கு எழும்பும் வீடுகளில் உம்மாவோ வாப்பாவோ ஒளுச் செய்யும் இடத்துக்கும் இதே மஞ்சள் பல்ப்தான். தொழுதுவிட்டுத் திரும்பவும் படுக்கிறவருக்கு அந்த நேரத்து வெள்ளை ரியூப் லைட் தூக்கத்தைக் கலைத்துவிடும். வெள்ளை வெளிச்சம் விடிந்த பிறகு போதும்.

டொக்டரிடம் கேட்கவேண்டியவை

விழித்திரை நோய், கண் ஒப்பரேஷன் முடிந்த புதிது, வலிப்பு, இருமுனை மனநோய், லூபஸ் இருந்தால் பனலும் ஒளிப்பெட்டியும் டொக்டரைக் கேட்காமல் தொடங்கக்கூடாது. அமியோடரோன், டொக்சிசைக்ளின், குளோர்ப்ரோமசின் போன்ற சில மருந்துகள் தோலையும் கண்ணையும் வெளிச்சத்துக்குக் கூச வைக்கும். கண்புரை முற்றியிருந்தால் லைட்டுக்குச் செலவழிக்கும் முன் மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையின் கண் பிரிவிலோ அருகிலுள்ள ஆதார வைத்தியசாலையிலோ காட்டுங்கள். புரை நீக்கினாலே உள்ளே போகும் வெளிச்சம் கூடும்.

இரவு முழிப்புக்கு எல்லாம் வெளிச்சம் காரணமில்லை. மறதி நோய்க்குக் கொடுக்கும் டொனெபெசில் குளிசையை இரவில் எடுத்தால் சிலருக்குத் தூக்கம் கலையும், கெட்ட கனவு வரும். காலைக்கு மாற்றலாமா என்று கேளுங்கள். சலம் போக வைக்கும் பிரஷர்க் குளிசை பின்னேரத்தில் போடப்பட்டிருக்கலாம். மூட்டு வலியும் மலச்சிக்கலும் சொல்லத் தெரியாத வேதனைகள். கனவில் அடித்து உதைக்கிறவர், இல்லாத ஆட்களைக் காண்கிறவர் என்றால் அது லூயி உடல் டிமென்சியா என்ற இன்னொரு வகை மறதி நோயாக இருக்கலாம், மருந்து தெரிவே மாறும். இரண்டொரு நாளில் திடீரென்று குழப்பம் ஏறினால் லைட்டை மாற்றிக்கொண்டிருக்காதீர்கள். சலத்தில் கிருமித் தொற்று, காய்ச்சல், உடல் வறட்சி என்று ஏதோ நடக்கிறது, அன்றைக்கே காட்டவேண்டும்.

கடையில் காசு கொடுக்கும் முன்

லைட்டை எரியவிட்டு, கைபேசிக் கமராவை ஸ்லோ மோஷனில் வைத்து அதைப் பாருங்கள். திரையில் கறுப்புக் கோடுகள் ஓடினால் மினுக்கம் உண்டு, வேறொன்று எடுங்கள். வெளிச்சம் அளக்கும் இலவசச் செயலி ஒன்றைப் போட்டு, வீட்டுக்கு வந்ததும் கைபேசியை அவருடைய கண் இருக்கும் இடத்தில், அவர் பார்க்கும் திசைக்குத் திரை முகம் காட்டும்படி பிடித்து அளவெடுங்கள். கைபேசியில் வெளிச்சம் அளக்கும் சென்சர் திரைப் பக்கத்தில், முன் கமராவுக்குப் பக்கத்தில் இருக்கிறது. கூரையைப் பார்த்துப் பிடித்தால் பொய்க் கணக்கு வரும். செயலியின் எண் துல்லியமாக இராது. ஆனால் கதிரையை அரை மீற்றர் நகர்த்தினால் கூடுகிறதா குறைகிறதா என்பதைச் சரியாகச் சொல்லும். பில்லில் வாட், கெல்வின், உத்தரவாதக் காலம் மூன்றையும் எழுதி வாங்குங்கள். டிரைவருக்கும் உத்தரவாதம் உண்டா என்று தனியாகக் கேளுங்கள்.